ஷ்ரவுட முதல்ல மாத்துங்க தம்பி, இன்டேக்க பொறவு பாத்துக்கிடலாம்

தம்பி, நீங்க கேட்டத முதல்ல நான் ஒருக்கா திருப்பிச் சொல்லிருதேன், ஏன்னா ஒரு கேள்விக்குள்ள மூணு கேள்வி கெடக்கு. பாளையங்கோட்டையில இருக்கிய, செகண்ட் ஹேண்ட்ல 2017 மஸ்டாங்க் ஜிடி எடுத்திருக்கிய, இன்ஜினுக்கு காத்து போற குழாயையும் ஃபில்டரையும் மாத்துற கோல்ட் ஏர் இன்டேக் கிட்டு வாங்கி வச்சாச்சு, ரேடியேட்டர் ஷ்ரவுட் வேற ஒடஞ்சிருக்கு, ட்ராஃபிக்ல நின்னா டெம்பரேச்சர் முள்ளு ஏறுது, ரெண்டையும் வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டு போர்ட்டிகோவுல வச்சே மாத்திரலாமா, எத்தன எச்பி, அதாவது குதிரைத்திறன், கூடும்னு கேக்கிய. எச்பிய கடைசில வச்சுக்கிடுவோம். நீங்க நெசமா கேக்குறது, வண்டி ஏன் சூடாவுது, அத நானே சரி பண்ணலாமா, பண்ணும்போது வேற எதையாவது கெடுத்துக்கிடுவேனோ, இதுதான். பண்ணலாம். ஆனா ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணாதீய. அது ஏன்னுதான் இம்புட்டு நீளமா எழுதுதேன்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமா முடிச்சிட்டு பன்னெண்டு வருசம் சார்ஜாவுல கராஜ் வேலை பாத்தவன், அங்கன எட்டு சிலிண்டர் உள்ள அமெரிக்கன் வி8 வண்டி நம்ம ஊர் ஆட்டோ மாதிரி வரிசையில நிக்கும், இப்ப கேடிசி நகர் பக்கம் சின்னதா ஷெட்டு போட்டிருக்கேன். உங்க வண்டிய நான் கண்ணால பாக்கல, நீங்க போட்ட ரெண்டு போட்டோவ வச்சுதான் சொல்லுதேன், ரேடியேட்டர் டேங்க்ல கீறல் இருக்கா, ஃபேன் மோட்டார் பேரிங் தேஞ்சிருக்கான்னுலாம் போட்டோவுல தெரியாது, அது பக்கத்துல வந்து கை வச்சுப் பாக்கணும். அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

ஷ்ரவுட்னு சொல்லுறதுலயே ஒரு கொழப்பம் இருக்கு. பானெட்ட தொறந்த உடனே முன்னால கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் மேல கறுப்பா ஒரு பிளாஸ்டிக் தட்டு மூடிக் கெடக்கும்லா, அதையும் சில பேரு ரேடியேட்டர் ஷ்ரவுட்னுதான் சொல்லுதாவ. ரேடியேட்டருக்குப் பின்னால, இன்ஜின் பக்கம், ஃபேன சுத்தி வச்சிருக்க பெரிய கூடு இன்னொண்ணு, மெக்கானிக்கு ஷ்ரவுட்னா அதத்தான் சொல்லுவான். உங்க மொத போட்டோவுல மேல் தட்டுல ரெண்டு கிளிப்பு இல்ல, ஒரு ஓரம் தூக்கிட்டு நிக்கி. ரெண்டாவது போட்டோவுல ஃபேன் கூட்ட மாட்டுற காது ஒண்ணு ஒடஞ்சு, கூடு ரேடியேட்டர்ல இருந்து ஒரு விரக்கடை விலகி நிக்கிற மாதிரி தெரியுது. மேல் தட்டு அரமணி நேர சோலி. ஃபேன் கூடு அப்படி இல்ல.

அந்தக் கூடு எதுக்குன்னு புரிஞ்சிட்டா பாதி பிரச்சனை தீந்துரும். ஃபேன் சுத்துறது வட்டம், ரேடியேட்டரோ நாலு மூலையும் உள்ள செவ்வகம். கூடு இல்லாம ஃபேன மட்டும் சுத்த விட்டா அது தனக்கு நேரா இருக்க வட்டத்து வழியாத்தான் காத்த இழுக்கும், மூலையெல்லாம் சும்மா கெடக்கும், அது போக ஓரத்துல இடைவெளி இருந்தா முன்னால உள்ள குளுந்த காத்த விட்டுட்டு இன்ஜின் பக்கத்துல உள்ள வெந்த காத்தையே திரும்பத் திரும்ப இழுத்து தள்ளிக்கிட்டு கெடக்கும், காத்து எங்க ஈஸியோ அங்கனதான போகும். கூடு ஒழுங்கா ஒட்டி நின்னாத்தான் முழு ரேடியேட்டர் வழியாவும் இழுக்கும். வண்டி 60, 70ல ஓடும்போது எதிர்க்காத்தே போதும், ஃபேன் வேலையே கொறைவு. வண்ணார்பேட்டையில இருந்து ஜங்ஷன் போற பாலத்துல சாயங்காலம் ஆறு மணிக்கு சிக்கினியன்னா அங்க ஃபேன விட்டா வேற கதி கெடையாது.

அதனால நீங்க முதல்ல பண்ண வேண்டியது ஸ்பேனர எடுக்கிறது இல்ல, வண்டிய ஓட்டிப் பாக்கிறது. டவுனுக்குள்ள நின்னு நின்னு போகும்போது முள்ளு ஏறி, பொறவு நாங்குநேரி பக்கம் நாலு வழிச்சாலைல ஏறி பத்து நிமிசம் ஓட்டுன உடனே எறங்குதுன்னா அது காத்தோட்டப் பிரச்சனை, அதாவது ஃபேன், கூடு, இல்ல ரேடியேட்டர் முகத்துல அடைச்சிருக்க குப்பை. நேர் எதிரா டவுன்ல சும்மா இருந்து ஹைவேல ஏறுதுன்னா ஷ்ரவுட மாத்தி ஒரு பிரயோசனமும் இல்ல, கூலன்ட் கொறைவு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் உள்ளடைப்பு இதுல எதுவோ ஒண்ணு. நீங்க சொன்னத வச்சுப் பாத்தா மொத வகைதான், அது ஓரளவு உறுதி. ஆனா ஹைவேல என்ன ஆவுதுன்னு நீங்க எழுதல, அத ஒருக்கா பாத்துட்டு சொல்லுங்க.

சரி, கழட்டுறதுக்கு வருவோம். காலைல ஆறு மணிக்கு ஆரம்பிங்க, ராத்திரி முழுக்க நின்ன வண்டியா இருக்கணும், சூடா இருக்கும்போது கூலன்ட் மூடியில கை வைக்கவே கூடாது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரண காத்தழுத்தத்துல 106 டிகிரி கிட்ட கொதிக்கும், 15 பிஎஸ்ஐ மூடி போட்டு அமுக்கி வச்சா கிட்டத்தட்ட 129 வரைக்கும் கொதிக்காம தாங்கும், அந்த நெலமையில மூடிய தொறந்தியன்னா மொத்தமும் ஒரே நேரத்துல கொதிச்சு மூஞ்சில அடிக்கும், சார்ஜாவுல ஒரு பையனுக்கு கை முழுக்க தோலு உரிஞ்சத நான் பாத்திருக்கேன். அடுத்தது பேட்டரி நெகட்டிவ். 10 எம்எம் ஸ்பேனர் போட்டு கழட்டி ஓரமா துணி சுத்தி வச்சிருங்க. சாவி ஆஃப்ல இருந்தா ஃபேன் ஓடாதுன்னு நெனைக்காதீய, கம்ப்யூட்டர் சொன்னா எலக்ட்ரிக் ஃபேன் எப்ப வேணும்னாலும் சுத்தும், அப்ப விரல் உள்ள இருந்தா விரலுக்கு நான் பொறுப்பு இல்ல.

மேல் தட்டுல உள்ள புஷ் கிளிப்ப நேரா நெம்பாதீய. நடு ஆணிய முதல்ல ஒரு அரை சென்டிமீட்டர் தூக்கணும், பொறவு கிளிப்பு முழுசா தன்னால வரும். ட்ரிம் டூல் இல்லன்னா ஸ்க்ரூ டிரைவர் நுனியில துணி சுத்திக்கிடுங்க. நம்ம வெயில்ல எட்டு ஒம்பது வருசம் வெந்த பிளாஸ்டிக், நாலுல ஒண்ணு கண்டிப்பா ஒடையும், அதே சைஸ் கிளிப்பு பத்து இருவது முதல்லயே வாங்கி வச்சிருங்க, டவுன்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடையில பழச காட்டுனா எடுத்துத் தருவாவ.

ஃபேன் கூட்ட தூக்குறதுக்கு முன்ன அதோட கரண்ட் கனெக்டர கழட்டணும், லாக்கு அமுக்கி இழுக்கணும், வயர புடிச்சு இழுக்கக் கூடாது, அப்பவே உள்ள பின்னு கறுத்து உருகியிருக்கான்னு பாத்துருங்க, உருகியிருந்தா உங்க சூட்டுக்கு அதுவே ஒரு காரணம். பொறவு கூட்ட தூக்கும்போது ரேடியேட்டருக்கும் கூட்டுக்கும் நடுவுல கெட்டி அட்டை ஒண்ண சொருகிருங்க, டிவி வந்த பெட்டி அட்டை போதும், இல்லன்னா கூட்டோட ஓரம் ரேடியேட்டர்ல உள்ள மெல்லிசு அலுமினியத் தகட, அதாவது ஃபின்ன, வரிசையா மடக்கிட்டுப் போயிரும். மேல் ஓஸ் குறுக்க வந்து மறிச்சா மல்லுக்கட்டாம கூலன்ட்ட சுத்தமான பாத்திரத்துல எறக்கிட்டு ஓஸ கழட்டிருங்க. கீழ ட்ரே கழட்ட வண்டிய தூக்க வேண்டியிருந்தா ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டு வேணும். ஸ்டாண்டு இல்லன்னு ஹாலோ பிளாக்க அடுக்கி வச்சு அடில படுக்கிறவன நான் எங்க கண்டாலும் கால புடிச்சு வெளிய இழுத்துருவேன். ஆமா, எறக்குன கூலன்ட்ட வாசல்ல ஊத்திராதீய, இனிப்பா இருக்கும், நாயி நக்குச்சுன்னா செத்துப் போயிரும்.

கூடு வெளிய வந்த உடனே புதுச மாட்ட அவசரப்படாதீய. இந்த சந்தர்ப்பம் அடிக்கடி கெடைக்காது. நம்ம பக்கம் ஆடி மாசக் காத்து எப்படின்னு உங்களுக்கே தெரியும், திசையன்விளை சாத்தான்குளம் பக்கம் போயிட்டு வந்தா தேரிச் செம்மண்ணு கதவு இடுக்குல எல்லாம் ஏறிக் கெடக்கும், அதே மண்ணு, பூச்சி, பஞ்சு எல்லாம் ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல போய் கெட்டியா அப்பிக் கெடக்கும், முன்னால இருந்து பாத்தா தெரியாது. இன்ஜின் பக்கத்துல இருந்து முன்பக்கமா, சாதா தோட்டத்து ஓஸ் தண்ணி அழுத்தத்துல, பைய கழுவுங்க. பிரஷர் வாஷர கிட்ட கொண்டு போனியன்னா ஃபின்னு படுத்துரும். ஓடி வர்ற தண்ணி செவப்பா இருந்து தெளியுற வரைக்கும் விடுங்க. நான் பாத்த வண்டில பாதிக்கு இந்தக் கழுவல்லயே முள்ளு பழைய எடத்துக்கு எறங்கியிருக்கு.

கூடு புதுசு வாங்கணுமா, ஒட்டிக்கிடலாமான்னு அடுத்த கேள்வி வரும். இந்த வண்டி 2016ல இந்தியாவுக்கு வந்துச்சு, மிச்சிகன்ல ஃப்ளாட் ராக் ஆலையில செஞ்சு முழு வண்டியா கப்பல்ல எறங்குனது, ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இங்க தயாரிப்ப நிறுத்துதோம்னும் அறிவிச்சிட்டாவ, அதனால பார்ட்ஸ்க்கு காத்திருக்க வேண்டி வரலாம். அதுவரைக்கும் ஒட்டலாம், ஆனா கண்டத வச்சு ஒட்ட முடியாது. கூட்டோட பின்பக்கம் அம்புக்குறி நடுவுல சின்னதா பிபின்னோ பிஏ66ன்னோ எழுத்து அச்சடிச்சிருக்கும். பிபின்னா பாலிப்ரொப்பிலீன், அதுல எம்-சீலும் அரால்டைட்டும் புடிக்காது, ரெண்டு நாள்ல பொறுக்கு மாதிரி உரிஞ்சு வரும், சூடு வச்சு அதே பிளாஸ்டிக் குச்சிய உருக்கித்தான் வெல்டிங் பண்ணணும், பைக் ஃபேரிங், பம்பர் ஒட்டுறவிய கிட்ட போங்க. பிஏ66ன்னா நைலான், அதுக்கு எபாக்சி கொஞ்சம் தாங்கும், இருந்தாலும் காது ஒடஞ்ச எடம் ஃபேனோட வெயிட்டயும் அதிர்வையும் சொமக்கிற எடம், நான்னா பின்னால ஒரு மெல்லிசு அலுமினியப் பட்டைய ரிவெட் அடிச்சு விடுவேன். அது அழகா இருக்காது, ஆனா நிக்கும்.

திரும்ப மாட்டும்போது ஒரு விஷயம். சார்ஜா போன மொத வருசம் ஒரு வி8க்கு இதே கூட்ட மாத்திட்டு கனெக்டர தள்ளுனேன், உள்ள போயிருச்சுன்னு நெனச்சேன், டக்குன்னு லாக் சத்தம் கேக்கலங்கறத கவனிக்கல. கஸ்டமர் மூணாவது சிக்னல்ல ஆவி பறக்க நின்னாரு, ஃபோர்மேன் என்னைய ஏசுன ஏச்சு இன்னைக்கும் காதுக்குள்ள கெடக்கு. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் வேலை முடிச்ச உடனே ஏசிய போட்டு ஃபேன் சுத்துதான்னு என் கண்ணால பாக்காம பானெட்ட மூடுறது இல்ல. நீங்களும் பாருங்க. கூலன்ட் எறக்கியிருந்தா ஓனர் மேனுவல்ல சொல்லியிருக்க ஸ்பெக் கூலன்ட்டே ஊத்துங்க, போர் தண்ணி கலக்காதீய, நம்ம போர் தண்ணில உப்பு தட்டும், கெட்டிலுக்குள்ள வெள்ளையா படியுதுல்லா, அதேதான் ரேடியேட்டருக்குள்ளயும் படியும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கிடுங்க. ஹீட்டர ஃபுல் சூட்டுல வச்சு இன்ஜின ஓட விட்டு காத்து குமிழி வெளியேறுற வரைக்கும் நில்லுங்க, ஆறுன பொறவு லெவல் பாத்து ஊத்துங்க.

இத முடிச்சிட்டு ஒரு வாரம் ஓட்டுங்க. இன்டேக்க தொடாதீய. ரெண்டையும் ஒரே நாள்ல மாத்திட்டு திங்கக்கெழம வண்டி முக்குச்சுன்னா எது காரணம்னு உங்களாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் சொல்ல முடியாது, பொறவு ரெண்டையும் கழட்டணும்.

இப்ப இன்டேக். மாட்டுறது லேசு, அத நெனச்சு பயப்படாதீய, ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனா ஒண்ணரை. பழைய குழாய்ல மாஃப் சென்சார், இன்ஜின் ஆவி வர்ற வென்ட் ஓஸ், கேபினுக்குள்ள சத்தம் கொண்டு போற குழாய் ஒண்ணு, இது மூணும் இருக்கும். மாஃப் சென்சார் உள்ள முடி மாதிரி கம்பி சூடாகி, அது மேல ஓடுற காத்து எம்புட்டு குளுத்துதோ அத வச்சு காத்த அளக்குற சாமான், விரல் வைக்காதீய, ஊதாதீய, கழுவணும்னா மாஃப் கிளீனர்னே தனியா ஸ்ப்ரே விக்கி. இன்ஜினுக்குள்ள காத்து போற த்ராட்டில் வாய் தொறந்து கெடக்கும்போது சுத்தமான துணி வச்சு அடைங்க, மாட்டுறதுக்கு முன்ன மறக்காம எடுங்க. கிளாம்ப கையால ஸ்க்ரூ டிரைவர் வச்சு இறுக்குனா போதும், ராட்செட் போட்டு முறுக்கி சிலிக்கான் ஓஸ அறுத்துராதீய.

மாட்டுன பொறவுதான் சிக்கல் வரும். மாஃப் இருக்க எடத்துல குழாய் எத்தன விட்டம்னு கம்ப்யூட்டருக்கு முன்னாலயே சொல்லி வச்சிருக்கு. நீங்க கொஞ்சம் அகலமான குழாய வச்சா அதே அளவு காத்து மெதுவா போகும், சென்சார் காத்து கொறைவுன்னு நெனச்சு பெட்ரோல கொறைக்கும், ஆக்சிஜன் சென்சார் பாத்து கம்ப்யூட்டர் திரும்ப கூட்டும், ஒரு அளவுக்கு மேல கூட்ட முடியாதப்ப பெட்ரோல் கொறைவுன்னு சொல்லுற பி0171, பி0174ன்னு ரெண்டு கோடும் சேந்து வந்து செக் இன்ஜின் லைட் எரியும். வண்டி கம்ப்யூட்டர் சொல்லுறத போன்ல காட்டுற ஓபிடி ப்ளூடூத் ஒண்ணு ஆயிரம் ரூவாக்குள்ள வாங்கி லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் பாருங்க, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல எத்தன சதம் கூட்டிக் கொறைக்குதுங்கற நம்பர். மாத்துறதுக்கு முன்ன எவ்வளவுன்னு குறிச்சு வைங்க, மாத்தி ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டுன பொறவு திரும்ப பாருங்க. ஒண்ணு ரெண்டு நம்பர் மாறுனா ஒண்ணும் இல்ல. பத்த தாண்டி பிளஸ்ல நிக்கின்னா ஒண்ணு குழாய் இந்த ட்யூனுக்கு, அதாவது கம்ப்யூட்டர்ல காத்துக்கும் பெட்ரோலுக்கும் எழுதி வச்சிருக்க கணக்குக்கு, ஒத்து வரல, இல்ல மாஃபுக்கு அப்புறம் எங்கயோ காத்து களவா உள்ள போவுது, அந்த வென்ட் ஓஸும் மூட வேண்டிய மூடிகளும் ஒழுங்கா இருக்கான்னு முதல்ல பாருங்க. உங்க கிட்டு ட்யூன் வேண்டாம்னு சொல்லுற கிட்டா, வலது ஸ்டியரிங் வண்டில எதுலயும் இடிக்காம ஒக்காருமான்னும் விக்கிறவிய கிட்ட எழுதி வாங்கிக்கிடுங்க.

எச்பி எத்தன கூடும்னா, இங்க நான் பைய பேசணும். உங்க 5 லிட்டர் இன்ஜின் 6500 ஆர்பிஎம்ல நிமிசத்துக்கு ஏறக்குறைய 16,000 லிட்டர் காத்து இழுக்கும், அதுக்கு ஒரிஜினல் பாக்ஸே மோசமில்லாம செஞ்ச பாக்ஸ். டப்பாவுல எழுதியிருக்க நம்பர் பெரும்பாலும் ட்யூனோட சேத்து எடுத்த நம்பர். ட்யூன் இல்லாம வெறும் குழாய மாத்துனா சத்தம் கூடும், அது உறுதி, கேக்க நல்லாவும் இருக்கும், சீட்டுல ஒக்காந்து உணருத அளவு இழுவை கூடுமாங்கறது சந்தேகம்தான். சத்தம் கூடுனா வேகமும் கூடுன மாதிரி மனசு நெனச்சுக்கிடும், எனக்கும் நெனச்சிருக்கு.

ஆனா கொறையுறது சுலபம். வெளிய 38 டிகிரி, பானெட்டுக்குள்ள நின்னா 60 கூட போகும், மூடி இல்லாத ஃபில்டர் அந்த 60 டிகிரி காத்த இழுத்தா காத்தோட அடர்த்தி ஆறு ஏழு சதம் கொறையும், கோல்ட் ஏர்னு பேர மட்டும் வச்சுக்கிட்டு என்ன செய்ய. அதனால கிட்டோட வந்த ஹீட் ஷீல்டு தகடு பானெட்டோட ரப்பர் படுற மாதிரி ஒக்காரணும், மேல சொன்ன ரேடியேட்டர் தட்டும் இறுக்கமா இருக்கணும், கிரில்லு வழியா வர்ற குளுந்த காத்து அது வழியாத்தான் ஃபில்டர் வாய்க்கு போவுது. ஒடஞ்ச தட்ட வச்சுக்கிட்டு புது இன்டேக் போடுறது கூரை ஒழுகும்போது சுவருக்கு பெயின்ட் அடிக்கிற மாதிரி. ஃபில்டர் எண்ணெய் போடுற துணி ஃபில்டரா இருந்தா கழுவி எண்ணெய் விடும்போது கொறைச்சே விடுங்க, மிச்ச எண்ணெய் பறந்து மாஃப் கம்பில படியும், அது மேல நம்ம செம்மண்ணும் ஒட்டுச்சுன்னா முடிஞ்சு சோலி. இந்த ஊருக்கு நான் காகித ஃபில்டர்தான் சொல்லுவேன், சில பேருக்கு கோவம் வரும், வரட்டும்.

ஃபில்டர பம்பருக்குக் கீழ எறக்கி வைக்கிற கிட்டா இருந்தா மட்டும் வேண்டாம்னே சொல்லிருவேன். 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள தாமிரபரணி நின்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வாரத்துக்கு அப்புறம் என் ஷெட்டுக்கு வந்த வண்டில மூணுல தண்ணி இன்டேக் வழியா சிலிண்டருக்குள்ள போயி கனெக்டிங் ராடு வளைஞ்சிருந்துச்சு. தண்ணிய அமுக்க முடியாது, பிஸ்டன் மேல வரும்போது ராடுதான் வளையணும். மூணு பேருமே நின்ன வண்டிய திரும்ப ஸ்டார்ட் அடிச்சவிய.

இன்னொண்ணு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இந்த மாத்தத்த எழுத்துல சொல்லிருங்க, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியோட மூல அமைப்ப மாத்துறதப் பத்தி கண்டிப்பாவே பேசுது, ஆர்டிஓ ஆபீஸ்ல ஒருக்கா கேட்டுக்கிடுறதும் நல்லது. ஒரிஜினல் ஏர் பாக்ஸ் தூசி படாம சாக்குல கட்டி பரண்ல போட்டு வைங்க, விக்கவும் கூடாது, யாருக்கும் குடுக்கவும் கூடாது, செக் இன்ஜின் லைட் எரியுற அன்னைக்கு நீங்க முதல்ல தேடப் போறது அதத்தான். ஹைவேல முள்ளு எறங்குதா இல்லையான்னு மட்டும் பாத்து எழுதுங்க.